கம்பி குந்தும் இடம்

எதைக் கையில் கொடுத்தாலும் அவர் முதலில் தட்டிப் பார்ப்பார். டீ கொடுத்தால் டம்ளரின் விளிம்பில் நகத்தால் ஒரு சுண்டு. கல்யாண வீட்டுக்குப் போனால் சந்தனக் கிண்ணத்தில் ஒரு சுண்டு. வேனில் ஏறும்போது கதவு, மேடையில் ஏறும்போது கம்பிக்கால். தட்டிவிட்டுத் தலையை லேசாகச் சாய்த்து, அந்தச் சத்தம் முழுக்க அடங்கும்வரை காத்திருப்பார். அதற்குள் டீ ஆறிப்போகும். ஆறின டீயைத்தான் அந்த மனுஷன் வாழ்நாள் முழுக்கக் குடித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

நான் அவரை முதலில் பார்த்தது கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில், கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸுக்குள். கைப்பிடிக் கம்பியைத் தட்டிவிட்டு அதில் காதை வைத்து நின்றுகொண்டிருந்தார். ஆளுக்குக் கொஞ்சம் கழன்ற கேஸ் போலிருக்கிறது என்று நான் தள்ளிப்போய் உட்கார்ந்தேன். சாயங்காலம் மேடையில் பார்த்தால், என் பக்கத்தில் கிடாரை மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

எங்களுடையது சின்ன மெல்லிசைக் குழு. கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, காதுகுத்து, எதற்குக் கூப்பிட்டாலும் போவோம். நான் வீட்டில் ஜாக்கெட் தைப்பேன், கூப்பிட்ட நாளில் பாடுவேன். அவர் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற கடையில் வேலை பார்த்தார், கூப்பிட்ட நாளில் எலெக்ட்ரிக் கிடார் வாசித்தார். பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் கிடாரண்ணன், எனக்கும்தான்.

கீபோர்டு வாசிப்பவர்தான் குழுவுக்கு முதலாளி. அவருக்கு இந்தத் தட்டல் வேலையே ஆகாது.

“கரண்ட்ல வேல செய்யிற கிடாருக்கு இரும்பு இன்னா, பித்தள இன்னா? சத்தம் வயர்லதான போவுது?” என்பார்.

“வயர்ல போறது அப்புறம்ங்க. மொதல்ல கம்பி ஆடணும். அது எது மேல குந்திக்கினு இருக்குதோ அதுக்குத் தக்கனதான் ஆடும். பாறை மேல குந்தினவனும் வைக்கப்போர் மேல குந்தினவனும் ஒண்ணாவா எழுந்திருப்பான்?”

“ஒன் கம்பி எழுந்திரிச்சி எங்க போவப்போவுது? வாசிப்பா, நேரமாவுது.”

கிடாரின் அடிப்பக்கத்தில் ஆறு கம்பிகளும் ஆளுக்கொரு சின்ன உலோகத் துண்டின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு. அவ்வளவுதான். அந்த ஆறு துண்டுகளோடுதான் அவர் மல்லுக்கு நின்றார். வாங்கும்போதே கிடாரில் இருந்தவை ஜிங்க் வார்ப்பு. மேலே பளபளவென்று முலாம். “கவரிங் நகை மாதிரி. பாக்க ஷோக்கா இருக்கும், தட்டினா பொத்துனு செத்துப்போவும்” என்று அதைக் கழற்றிப் போட்டார். அடுத்து இரும்பில் செய்து போட்டார். சத்தம் நன்றாக இருந்ததாம், ஆனால் ஐப்பசி மழையில் துரு ஏறி, மேடையிலேயே கம்பி அறுந்து என் கன்னத்தை உரசிக்கொண்டு போனது. எவர்சில்வரில் போட்டார். “ஸ்பூன் கீழ விழுந்த மாதிரி கூசுதும்மா” என்றார். அலுமினியத்தைப் போட்ட அன்றே கழற்றிவிட்டார்.

ஒவ்வொரு தடவையும் என்னிடம் கொண்டுவந்து வாசித்துக் காட்டுவார். “கேளு. இப்ப கேளு. வித்தியாசம் தெரியுதா?”

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஒரு எழவும் தெரியாது. சுருதி சேர்ந்திருக்கிறதா, தாளம் தப்பாமல் இருக்கிறதா, அது போதும் எனக்கு. இரும்பாம், பித்தளையாம். “நல்லா இருக்குண்ணா” என்று சொல்லிவைப்பேன்.

“பொய் சொல்ற” என்பார், கோபமே இல்லாமல்.

கழுத்துப் பக்கம், கம்பிகள் தலைக்குப் போகிற இடத்தில் ஒரு பட்டை இருக்கும். அது பிளாஸ்டிக்காக இருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. எலும்பில் இருந்தால்தான் நாதம் நிற்கும் என்று எங்கேயோ கேட்டுவிட்டு, கறிக்கடையில் மாட்டுக்கால் எலும்பு வாங்கிவந்தார். அவர் மனைவி, நாங்கள் எல்லாரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவோம், வாசலிலேயே மறித்துக்கொண்டது.

“அத வூட்டுக்குள்ள கொணாந்தீங்கன்னா நானும் கிடாரும் ஒண்ணா இருக்கமாட்டோம். யாரு வேணும்னு சொல்லிடுங்க.”

அவர் அசராமல் தோட்டத்தில் கல்லுக்கூட்டி, எலும்பை வேகவைத்து, சுத்தமாகச் சுரண்டி, வெயிலில் காயவைத்துவிட்டு வேலைக்குப் போனார். சாயங்காலம் வந்து பார்த்தால் எலும்பு இல்லை. தெருநாய் ஒன்று எதிர்வீட்டு வேப்பமரத்தடியில் அதைக் கடித்துக்கொண்டிருந்தது. அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. “அதுக்குக் கூட நாதம் புடிச்சிப்போச்சி பாருங்க” என்றது. அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லி நாங்கள் ரொம்ப நாள் சிரித்தோம்.

அண்ணிக்கு ஊர் கச்சிராயபாளையத்துப் பக்கம், கோமுகி அணைத் தண்ணீர் பாய்கிற கரும்புக்காட்டு ஊர். வீட்டுக்கு மூத்த பெண். சீர் சாமான் எல்லாம் நிறைவாகத்தான் கொண்டுவந்திருந்தது. அண்டா, குடம், தவலை, குத்துவிளக்கு, ஒவ்வொன்றிலும் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கும். அதில் ஒரு பித்தளை உரல். இஞ்சி, ஏலக்காய் இடிக்கிற சின்ன உரல், அதற்கு ஒரு குட்டி உலக்கை. எங்கள் வேன் புறப்படுவது அவர்கள் தெருவிலிருந்துதான். தூரத்துக் கச்சேரி என்றால் காலையிலேயே நான் அங்கே போய்விடுவேன். டிங் டிங்கென்று அண்ணி இஞ்சி இடிக்கிற சத்தம் தெருமுனையிலேயே கேட்கும். அவர் பாயில் படுத்தபடி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

“இன்னா, இஞ்சி காஞ்சிபோச்சா?” என்பார் படுத்தபடியே.

“ஆமாங்க, சந்தையில இதான் கெடச்சிது.”

சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். இந்த மனுஷனிடம் எதையும் மறைக்க முடியாது என்று அண்ணி தலையில் அடித்துக்கொள்ளும். ஆனால் அதன் முகத்தில் ஒரு பெருமை இருக்கும். நம் கைவேலையை இவ்வளவு கவனமாகக் கேட்கிற ஆம்பளை யாருக்குக் கிடைக்கிறான்? எனக்குக் கிடைக்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

அந்த உலக்கைமேல் அவருக்கு ஒரு கண். பழைய பித்தளை, இப்போது கடையில் விற்கிற சரக்கு இல்லை, இதில் ஆறு துண்டு அறுத்தால் கிடார் எங்கேயோ போய்விடும் என்று என் முன்னாலேயே கேட்டார்.

“எங்கம்மா குடுத்த சீரு. நான் இருக்கிற வரைக்கும் அதும்மேல கைய வச்சிடாதீங்க. செத்தா எடுத்துக்குங்க” என்றது அண்ணி. விளையாட்டாகத்தான் சொன்னது. சொல்லிக்கொண்டே எனக்கு டீ ஊற்றியது. விளையாட்டுக்குக்கூட வாயில் வந்ததைச் சொல்லக்கூடாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

மஞ்சள் காமாலை என்றுதான் ஆரம்பித்தது. நாட்டு மருந்து, பத்தியம், அப்புறம் ஆஸ்பத்திரி. ஈரல் மொத்தமும் போய்விட்டது என்று சொன்னபோது நாள் கடந்துவிட்டிருந்தது. நான் பார்க்கப் போன அன்று அவர் கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். குளுக்கோஸ் பாட்டில் தொங்குகிற கம்பியை, பழக்கதோஷத்தில், விரல் தானாகப் போய்ச் சுண்டியது. அண்ணி கண்ணைத் திறந்து பார்த்தது.

“இன்னா சொல்லுது?” என்று கேட்டது.

அவர் கையை எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டார். தட்டிவிட்டு அவர் பதில் சொல்லாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். வெளியே வந்து படிக்கட்டில் நின்று அழுதேன். அந்த வாரமே அண்ணி போய்விட்டது. பிள்ளை குட்டி இல்லை. அவர்தான் கொள்ளி வைத்தார்.

அதற்குப் பிறகு ஒன்றிரண்டு மாசம் அவர் கச்சேரிக்கு வரவில்லை. கீபோர்டுக்காரர் வேறு ஒரு பையனை வைத்து ஒப்பேற்றினார். ஒருநாள் சாயங்காலம் நான் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது கிடாரும் சின்ன ஸ்பீக்கர் பெட்டியுமாக வந்து நின்றார். ஆள் பாதியாக இருந்தார். விரல் இடுக்கெல்லாம் பச்சைக் கறை. லேத்துக்குக் கொடுக்காமல், கையாலேயே ஆக்ஸா பிளேடில் அறுத்து, அரத்தால் ராவி, ஆறு துண்டும் தானே செய்திருந்தார். கிடாரைத் திருப்பிக் காட்டினார். மங்கலான மஞ்சளில் ஆறு துண்டு. அதில் ஒன்றின் ஓரத்தில் இரண்டு புள்ளி தெரிந்தது. உலக்கையில் வெட்டியிருந்த அண்ணி பேரின் மிச்சம்.

“கேளு” என்றார். ஒரே ஒரு கம்பியை இழுத்துவிட்டார்.

நான் கேட்டேன். என்னால் ஆன மட்டும் கேட்டேன். வழக்கம்போல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். சத்தம் அடங்குகிறவரை தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார், அடங்கின பிறகும்.

“நல்லா இருக்குண்ணா.”

“பொய் சொல்ற” என்றார். சிரித்தார். செத்த வீட்டுக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அடுத்த கச்சேரிக்கு வந்துவிட்டார். ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அந்தத் துண்டுகளோடு வாசித்தார். நன்றாகச் சாப்பிட்டார். தட்டிப் பார்ப்பதும் திரும்ப வந்துவிட்டது. ஆறின டீயும்தான்.

பிள்ளை இல்லாமல் செத்துப்போன பெண்ணின் சீரைப் பிறந்த வீட்டுக்குத் திருப்புவது எங்கள் பக்கம் உண்டு. சிலர் கருமாதி அன்றே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அண்ணியின் அம்மா எடுக்கவில்லை. காரணம் இருந்தது. தன் சின்னப் பெண்ணை இவருக்கே கட்டிவைத்துவிட்டால் சாமான் இருக்கிற இடத்திலேயே இருக்குமே என்று பார்த்தது. வருஷ திதி கழிந்ததும் கேட்டார்கள். இவர் முடியாது என்று சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. கும்பிட்டுத்தான் சொன்னார். அதற்கு அடுத்த வாரம் அந்த அம்மாவும் மகனும் குட்டியானை லோடு வண்டியோடு வந்து இறங்கினார்கள்.

அவர் என்னையும் வரச்சொல்லியிருந்தார். பெண்பிள்ளை ஒருத்தி கூட இருந்தால் நல்லது என்று நினைத்திருப்பார். அந்த அம்மா கூடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தது. மகன் உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவந்து வைத்தான். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. புள்ளியை விரலால் தடவிப் பார்த்து, மகள் பேர்தான் என்று தலையை ஆட்டும். தவலை. குடம். விளக்கு. உரல் வந்தது. உரலுக்குள் கையை விட்டுப் பார்த்தது.

“ஒலக்க எங்க மாப்ள?”

நான் அவர் காதோரம் மெல்லச் சொன்னேன். “தொலைஞ்சி போச்சின்னு சொல்லிடுங்கண்ணா. இன்னா இப்ப.” அவர் என்னைப் பார்க்கவேயில்லை. உள்ளே போய், அறுத்தது போக மிச்சமிருந்த கட்டையையும், ஒரு காகிதப் பொட்டலத்தையும் கொண்டுவந்து அந்த அம்மா முன்னால் வைத்தார். பொட்டலத்தில் ராவின தூள். அதைக்கூடக் கொட்டாமல் வைத்திருக்கிறார் மனுஷன்.

“அத்த, நான் அறுத்துட்டேன்” என்றார்.

அந்த அம்மா கத்தவில்லை. கட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. அப்புறம் உரலைத் தன் பக்கம் இழுத்து, அந்தக் கட்டையால் ஒரே ஒரு தரம் இடித்தது. நொண்டிச் சத்தமாக ஒன்று வந்தது. எனக்கே தெரிந்தது, அது அந்தப் பழைய டிங் இல்லை.

“இது அது இல்ல மாப்ள.”

“தெரியும் அத்த. அறுத்த அன்னிக்கே தெரிஞ்சிபோச்சி.”

“அப்புறம் ஏன் அறுத்தீங்க?”

அவர் சுவரில் சாய்த்துவைத்திருந்த கிடாரைக் காட்டினார். “அவ இடிக்கிற சத்தம் இந்த வூட்ல இல்லாம இருக்க முடியல. இதுல வந்திடும்னு நெனச்சேன். கொஞ்சம் வந்திருக்கு. முழுசா வரல. கொஞ்சம் வந்திருக்கு அத்த.”

ஊரெல்லாம் சத்தத்தைத் தட்டிப் பார்த்து அளந்த ஆள், ஒரு சத்தத்தைக் காப்பாற்றுகிறேன் என்று அது இருந்த பொருளையே அறுத்திருக்கிறார். எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. அந்த அம்மா கிடாரிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விடுமோ என்று பயமும் வந்தது. நடுவில் புகுந்தேன்.

“அது இத்தினியூண்டு துண்டும்மா. அத வச்சிக்கினு நீங்க இன்னா பண்ணப்போறீங்க? அவருகிட்டயே இருந்துட்டுப் போவட்டும்மா.”

அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தது. “ஒரு வருசமா எம்பொண்ணு சத்தத்த நீங்க கேட்டுக்கினு இருந்திருக்கீங்க மாப்ள. எனக்கு இன்னா இருக்குது? பெத்தவளுக்கு வேணாமா?”

யாருக்கு நியாயம் சொல்வது?

அவர் கிடாரை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். தளர்த்தத் தளர்த்த ஒவ்வொரு கம்பியும் ஒரு முனகல் முனகி இறங்கியது. துண்டுகளைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். நான் தட்டுவார் என்று நினைத்தேன். தட்டவில்லை. உரலுக்குள் போட்டார். அந்த அம்மா பொட்டலத்தையும் கட்டையையும் அதோடு வைத்து, உரலை முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டது. மற்ற சாமான் எல்லாம் வண்டியின் பின்னால் போனது. உரல் மட்டும் அதன் மடியிலேயே போனது.

அடுத்த கச்சேரி கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் ஒரு கல்யாணம். காலையில் முகூர்த்தம், சாப்பாட்டு நேரத்துக்குப் பாட்டு. அவர் கிடார்ப் பெட்டியின் அடியில் கிடந்த பழைய ஜிங்க் துண்டுகளைத் தேடி எடுத்து மாட்டியிருந்தார். முலாம் உரிந்து சாம்பல் நிறமாக இருந்தன.

மேலே மூடுபனி விலகி வெயில் வந்திருந்தது. கீழே சமவெளியில் பாடினால் பஸ் ஹாரன், ஜெனரேட்டர், ஆயிரம் சத்தம். அங்கே அதெல்லாம் இல்லை. சாப்பிடுகிறவர்கள் இலை எடுக்கிற சத்தம்கூடக் கேட்டது. மூன்றாவதோ நான்காவதோ, வழக்கமாக நான் பாடுகிற ஒரு பழைய சோகப் பாட்டு. கல்யாணத்தில் எதற்குச் சோகப் பாட்டு என்று கேட்காதீர்கள், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் சீட்டு எழுதி அனுப்பியிருந்தார். சரணத்தில் ஒரு வரியை இழுத்து முடித்ததும் நான் மூச்சு வாங்க வேண்டும். பெரிய மூச்சு. அந்த இடத்தில் கிடார் ஒரே ஒரு சுரத்தை மீட்டிவிட்டு நிற்கும். அந்தச் சுரம் காற்றில் நிற்கிறவரை நான் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த வரியைப் பிடிப்பேன். எத்தனையோ மேடையில் அப்படித்தான் பாடியிருக்கிறேன். அதை யோசித்ததே இல்லை.

அன்று வரியை முடித்தேன். அவர் அந்தச் சுரத்தை மீட்டினார். மூச்சை இழுத்தேன். பாதி மூச்சில் சத்தம் இல்லை. செத்துவிட்டது. என் மூச்சு மட்டும் மைக்கில் கரகரவென்று கேட்டது. கால் தடுக்கினாற்போல அடுத்த வரியில் விழுந்தேன்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அத்தனை நாளும் ‘கேளு கேளு’ என்று அவர் காட்டினாரே, அது. அந்த வருஷம் முழுக்க நான் மூச்சு வாங்கும்போதெல்லாம் அண்ணி என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. இருக்கிறவரை தெரியவில்லை எனக்கு. திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் தலையைச் சாய்க்கவில்லை. நேராகப் பார்த்தபடி தாளத்துக்கு வாசித்துக்கொண்டிருந்தார், மற்றவர்கள் வாசிப்பதைப் போலவே. சாப்பாட்டுப் பந்தியில் ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இறங்கும்போது கரியாலூரில் டீக்கு நிறுத்தினார்கள். நான் இரண்டு எவர்சில்வர் டம்ளரையும் வாங்கிக்கொண்டு அவர் நின்ற இடத்துக்குப் போனேன்.

“ண்ணா, அந்த எடத்துல சத்தம் நிக்கலண்ணா. எனக்கே தெரிஞ்சிது” என்றேன். பொய் சொல்ற என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

“ம்” என்றார்.

டம்ளரை வாங்கினார். சூடாகவே குடித்தார், ஒரே மூச்சில். நான் என் டம்ளரின் விளிம்பை நகத்தால் சுண்டினேன். நன்றாகத்தான் கேட்டது. அவர் திரும்பவில்லை. காலி டம்ளரைக் கடைப் பலகையில் வைத்துவிட்டு வேனில் போய் ஏறிக்கொண்டார்.